பாட்டு அங்கே முடியவில்லை

எனக்கு மூக்கின் மேல் கோபம். யாராவது என்னைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னை, ஒரு பாட்டின் கடைசிப் பகுதி விஷயத்தில், பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர் ஒருவர் பத்து வருஷம் போல நம்பவே இல்லை. நம்பாத அந்த மனிதரோடுதான் அத்தனை வருஷமும் ஒரே மேடையில் நின்று கிடார் வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்ததும் அந்த வருஷங்களில்தான்.

அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு வந்ததே ஓர் ஏமாற்றமாகத்தான். அம்மா ரிச்மண்ட் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, தையல் மிஷினை நமக்குத்தான் தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதை வைக்க ஜன்னலோரம் இடம்கூட ஒழித்து வைத்துவிட்டாள். கடைசியில் ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு கிடாரும், அதன் உறைக்குள் கிடந்த ஒரு கேசட்டும்.

"இத வச்சி ஜாக்கெட் தெக்க முடியுமா?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு மிஷினுக்காக ஒழித்த இடத்தில் கிடாரைச் சாய்த்து வைத்தாள்.

கேசட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை. போட்டுக் கேட்டேன். நான் பிறப்பதற்கு முன் ஏதோ ஒரு நாட்டில் நான்கு பேர் சேர்ந்து வாசித்த ப்ளூஸ் ராக். பாட்டுக்காரர் என்ன பாடுகிறார் என்று எனக்கு அப்போது பாதி புரியவில்லை. புரியவேண்டிய தேவையும் ஏற்படவில்லை. கிடார்க்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவசரமே கிடையாது. ஒரு நோட்டை எடுப்பார், கம்பியைக் கொஞ்சம் வளைப்பார், விட்டுவிடுவார். பேசிக்கொண்டிருக்கிறவர் நடுவில் நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி இருக்கும். அடுத்தது என்ன சொல்லப் போகிறார் என்று நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் அவர் வாசிக்கும் நீண்ட சோலோவுக்காகத்தான் நான் கிடார் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கேசட்டை ஓடவிடுவேன், நிறுத்துவேன், கம்பியில் தேடுவேன், பின்னால் சுற்றி மறுபடி ஓடவிடுவேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிற்று. அக்கம்பக்கத்தில், வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். "கை வலிக்கப் போறது அவளுக்குத்தானே, உங்களுக்கு இன்னா?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பி.யூ.சி. முடித்துவிட்டு அல்சூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூற்றொன்றோ, தொண்ணூற்றிரண்டோ இருக்கும். பூத்துக்குப் பேச வந்த ஒருவர், பணம் கொடுக்கும்போது என் இடது கை விரல்களைப் பார்த்துவிட்டார். "கிடார் வாசிப்பியா?" என்றார். அவர் ஒரு பேக்கரியில் வேலை செய்பவர், ஆஸ்டின் டவுனில் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறாராம். எந்தப் பாட்டெல்லாம் வாசிப்பாய் என்று கேட்டார். பெயர் தெரியாததால் அந்த ஆல்பத்தின் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக் காட்டியதும் அவர் முகம் மாறிப்போயிற்று. பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் கவலைப்படவே இல்லை.

"எங்க பேண்டு அண்ணன் அந்த ஆல்பத்த விட்டா வேற ஒண்ணும் வாசிக்கமாட்டாரு. செகண்ட் கிடாருக்கு ஆளு தேடினு இருக்காரு. சனிக்கெழம வா," என்றார்.

அவர்கள் பிராக்டிஸ் செய்த இடம் ஒரு மாவு மில்லின் மாடி. அதிலும் ஒரு கணக்கு இருந்தது. மில் ஓடும்போது கீழே போடும் சத்தத்தில் இவர்கள் போடும் சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது. மில்லை நிறுத்தினால் இவர்களும் நிறுத்திவிடவேண்டும். அதனால் பேண்டில் எல்லோருக்கும் ஒரு காது எப்போதும் மில் மேல் இருக்கும். கிடார் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப், டிரம்ஸ், தலைமுடி எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக மாவு படிந்திருக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா, "பாட்டு வாசிச்சியா, பரோட்டா போட்டியா?" என்பாள்.

பேண்டின் தலைவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். ஆம்ப் எல்லாம் அவரே செய்தது. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரைக்கும். என்னை மேலும் கீழும் பார்க்காமல், பெண்ணா என்று ஆச்சரியப்படாமல், கரண்ட் கிடார் ஒன்றை எடுத்து நேராக என் கையில் கொடுத்தார். "முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு. அதுல சோலோ. அத வாசிச்சா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்," என்றார்.

எல்லோரும் சேர்ந்து ஆரம்பித்தோம். நான் அதுவரை யாரோடும் சேர்ந்து வாசித்ததில்லை. பின்னால் டிரம்ஸும் பேஸும் வந்து தாங்கிக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோலோவை அவர் ஒரு வரி, நான் ஒரு வரி என்று வாசித்துக்கொண்டு போனோம். நன்றாகச் சூடு பிடித்த இடத்தில், திடீரென்று மூன்று பேரும் கம்பியிலும் தோலிலும் கையை அழுத்தி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் குச்சியால் விளிம்பில் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டினார். என் கிடார் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பாட்டு முடிஞ்சிபோச்சு," என்றார் அண்ணன்.

"எங்கண்ணா முடிஞ்சது? இன்னும் எவ்ளோ இருக்கு!"

"இல்லம்மா. அங்கதான் கட்டு. அதான் இந்தப் பாட்டோட அழகே. அந்த மனுசனுக்கு அதுக்கு மேல துக்கம் தாங்கல. கைய எடுத்துட்டாரு."

"அப்ப அந்த டக்கு?"

டிரம்ஸ்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அது ரெக்கார்டுலயே இருக்கு. கரெக்டா அந்த எடத்துல போடறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, உங்க கேசட்டு சின்னதுண்ணா! பாட்டு முடியறதுக்குள்ள கேசட்டு தீந்துபோச்சு. அந்த டக்கு, மிஷின்ல பட்டன் எகிறுற சத்தம்!"

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, நான் எதில் போய்க் கைவைத்தேன் என்று. அந்த ஆல்பம் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்ததே இல்லை. கப்பலில் வேலை செய்த ஒரு சொந்தக்காரர் எங்கேயோ பதிவு செய்து கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்த கேசட் அது. அதிலிருந்துதான் ஆஸ்டின் டவுன், ஃப்ரேசர் டவுன், குக் டவுன் என்று கிடார் வாசிக்கிற அத்தனை பேரும் காப்பி எடுத்திருந்தார்கள். எங்கே யார் வாசித்தாலும் அந்தப் பாட்டு அதே இடத்தில் தொபுக்கென்று நிற்கும், பின்னாலேயே ஒரு டக். ஏன் நிற்கிறது என்று புதுப் பையன்களுக்கு விளக்கம் சொல்பவர் அண்ணன்தான். சொல்லும்போது அவர் குரல் கம்மிப்போகுமாம்.

"சொந்தமா சேத்து வாசி, நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெக்கார்டுல இருக்குன்னு புளுகாதம்மா," என்றார்.

புளுகாதே என்றால் நான் சும்மா விடுவேனா? அடுத்த சனிக்கிழமை கேசட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவருடைய டெக்கில் போட்டார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். முதல் பாட்டிலேயே அண்ணன், "உன் கேசட்டுல பேஸ் சக்கத்தாக் கேக்குது," என்று மெச்சித் தலையாட்டினார். கடைசிப் பாட்டு வந்தது. சோலோ ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பாட்டு இழுத்தது, கரகரத்தது, நின்றது. டெக் என் கேசட்டைத் தின்றுவிட்டது.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்து டெக்கைப் பிரித்து, உள்ளே இடியாப்பமாகக் கிடந்த நாடாவைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். சிக்கலான மோட்டார்களையெல்லாம் பிரித்துப் பூட்டுகிறவர். கீழே மில் நின்றது, மறுபடி ஓடியது, அவர் நிமிரவில்லை. ஆனாலும் சரியாக அந்தக் கடைசிப் பகுதி துண்டு துண்டாகப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அவரைப் பார்த்தால் அவருக்கும் வரும்போல இருந்தது.

"என் மிஷின் தின்னுடுச்சு. தப்புதான். நீ நம்ம பேண்டுல இரு," என்றார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா பாட்டு அங்கதான் முடியுது," என்றார்.

அப்படித்தான் நான் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த மனிதரை நம்பவைக்காமல் விடக்கூடாது என்று.

முதல் நிகழ்ச்சி ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்தில். பந்தயம் முடிந்து பரிசு கொடுக்கிற நாள். தோற்ற அணிக்காரர்கள் ஒரு பக்கம் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள், ஜெயித்தவர்கள் இன்னொரு பக்கம் பனியனைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பாட்டை வாசித்தோம். வழக்கமான இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். டக். கூட்டம் கைதட்டப் போனது. நான் என்ன செய்வேன், என் கை நிற்கவில்லை. மிச்சத்தை வாசித்தேன். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் பின்னாலேயே வந்துவிட்டார். பேஸும் வந்தது. அண்ணன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் சேர்ந்து விசிலடித்தார்கள். "இன்னொரு தபா!" என்று கத்தினார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது, "நீங்க ஏண்ணா நின்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் ரெக்கார்டுல இருக்கறதத்தான் வாசிப்பேன். நீ வாசி, நான் வேணாங்கல," என்றார்.

அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் இதே கதைதான். பாட்டு நிற்கும், டக், நான் தொடர்வேன், அவர் கையைக் கட்டிக்கொள்வார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் குனிந்து என்னுடைய ஆம்பின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். நம்பாதவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். சந்தோஷமாகவும் இருக்கும்.

மற்ற கிடார்க்காரர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "அந்தக் கடைசி பாகத்த எங்கருந்து புடிச்ச?" என்பார்கள். ரெக்கார்டில் இருக்கிறது என்பேன். சிரிப்பார்கள். "ஒவ்வொரு நோட்டும் இருக்கு, நான் ஒண்ணுகூட மாத்தல," என்று சத்தியம் செய்வேன். இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். பூத்துக்கு வந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசுகிறவர்களிடமெல்லாம், அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆல்பத்தின் பெயரைச் சொல்லி, அங்கே கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்வேன். டிரம்ஸ்காரரின் மச்சான் மஸ்கட்டிலிருந்து மெனக்கெட்டு ஒன்று வாங்கிவந்தார். போட்டுப் பார்த்தால் கிறிஸ்துமஸ் பாட்டுகள். அதையும் அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுலயும் உன் சோலோ இல்லியே," என்றார்.

எனக்குக் கல்யாணமானது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, சனிக்கிழமை மத்தியானம் என்னுடையது, அதில் யாரும் பங்கு கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், எங்கள் ஊர்க் கன்னடத்தில் சொல்வதுபோல் ஸ்வல்ப அட்ஜஸ்ட் செய்துகொண்டார். மகன் பிறந்தான். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் பூத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. தெரிந்தவர் ஒருவர் மூலம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. யாருக்கு எந்த கேப், எத்தனை மணிக்கு என்று பிரித்து அனுப்புகிற வேலை. சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. மாவு மில் மாடியில் முதலில் ஆல்பத்தைக் கேட்போம், அண்ணனின் அந்தக் குட்டிக் கேசட்டில்தான். கேட்டுவிட்டுத்தான் கிடாரைத் தொடுவோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர், "இந்த எடத்த இன்னிக்குத்தான் கவனிச்சேன்," என்று சொல்லாமல் இருந்ததில்லை.

கேப் டெஸ்க்குக்கு ஒருநாள் ஒரு இன்ஜினியர் வந்தார். கரூர்க்காரர், பிஜி ஹாஸ்டலில் தங்கியிருந்தார், தோளில் கிடார். ஹாஸ்டலில் வாசிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார். என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டேன். கம்பெனி வேலையாக வெளிநாடு போனபோது ஒரு சி.டி. வாங்கினேன், அதைத்தான் வாசித்துப் பழகுகிறேன் என்று சொல்லிப் பெயரையும் சொன்னார். அதே ஆல்பம்.

"அதுல நடுவுல லாங் சோலோ வர்ற பாட்டு இருக்குல்லங்க, அதோட எண்டிங்..." என்று ஆரம்பித்தார்.

"வாயத் தெறக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சி.டி.யை மட்டும் கொடுங்கள், திங்கட்கிழமை பத்திரமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். வீட்டில் பிளேயர் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அதன் பக்கம் போகவே இல்லை. அண்ணனோடு உட்கார்ந்துதான் கேட்கவேண்டும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பேஸ்காரர் தன் வீட்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று அண்ணன் போய் மில்காரரிடம் சொன்னார். அவர் எங்களுக்காக மில்லையே நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு மேலே வந்து உட்கார்ந்துகொண்டார்.

சோலோ வந்தது. அந்த இடம் வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டிரம்ஸ்காரரின் விரல் பழக்கத்தில் தொடையில் 'டக்' என்று தட்டியது. பாட்டு நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நான் துள்ளிக் குதித்தேன். "சொன்னேனா! சொன்னேனா!" என்று கத்தினேன். டிரம்ஸ்காரர், "என் டக்கு எங்கண்ணா?" என்று பாவமாகக் கேட்டார். அண்ணன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

நான் குதித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு வேறு எங்கேயோ போனது. முதல் சில வரிகள் நான் வாசிக்கிறதுதான். அப்புறம் நான் மேலே ஏறுகிற இடத்தில் அந்தக் கிடார்க்காரர் கீழே இறங்கினார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார், சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பேன்!

"பாட்டு அங்க முடியலம்மா," என்றார் அண்ணன். "நீ சொன்னது நெஜம். இத்தினி வருசமா உன்னப் புளுகுன்னு சொன்னேனே."

"அண்ணா, இது நான் வாசிக்கிறது இல்லண்ணா."

"கேட்டுச்சு."

"மொதல் கொஞ்சம்தான் இதுல இருக்கு. மிச்சமெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. ரெக்கார்டுல இருக்குன்னுதான் நெனச்சினு இருந்தேன். நான் வேணும்னு பண்ணலண்ணா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். மறுபடி அந்தப் பாட்டைப் போட்டார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போட்டார். இந்தத் தடவை நடுவிலேயே நிறுத்திவிட்டு, சலிப்போடு உதட்டைப் பிதுக்கினார். அந்த ஆல்பத்தில் வாசித்த மனிதரைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை.

"இன்னாம்மா இந்த ஆளு," என்றார், "கடைசில சப்புனு விட்டுட்டாரு?"

கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மேல ஏறுற எடம் இருக்குல்ல, அத எந்த விரல்ல புடிக்கிற?"

"ரெக்கார்டுல இல்லாதத நீங்க வாசிக்கமாட்டீங்களேண்ணா?"

"அதான் இத்தன வருசம் வீணாப் போச்சே. சீக்கிரம் காட்டு, மில்லுகாரர் மிஷினப் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது விரல் என்று காட்டினேன். அவர் பிடித்தார். தப்பாகப் பிடித்தார். நான் அவர் விரலை எடுத்துச் சரியான கம்பியில் வைத்தேன்.